முதியோரின் திருப்தியை யார் அளப்பது?

என் மூத்த சகோதரிக்கு வயது 78. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கியதில் வலக்கையும் வலக்காலும் ஏறத்தாழச் செயலிழந்தன. அத்தான் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் மாதந்தோறும் பணம் கட்ட, ஒரு தனியார் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் அக்காவைக் கவனித்துக்கொள்கிறது. பகலில் ஓர் உதவியாளர்ப் பெண், வாரம் இருமுறை இயன்முறை மருத்துவர், மாதம் ஒருமுறை செவிலியர். எல்லாம் சேர்ந்ததற்குப் 'பேக்கேஜ்' என்று பெயர்.

கடந்த ஆண்டு நான் அங்கே தங்கியிருந்தபோது, ஒரு நாள் காலை அந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. சேவை திருப்திகரமாக உள்ளதா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஓர் இளம்பெண் பணிவாகக் கேட்டார். அக்கா ஒரு நொடிகூடத் தயங்காமல் ஐந்து என்றார். அன்று உதவியாளர் வந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய நாளும் வரவில்லை. அக்கா இரண்டு நாள்களாகக் குளிக்கவில்லை.

"ஏன்க்கா அஞ்சுன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"குறை சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்டா தம்பி. அதுக்கு ரெண்டு குழந்தைங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, நான் கேட்காமலே, "அவளும் போயிட்டா அப்புறம் யாரு வருவா?" என்றார்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும் அது எப்படித் திரட்டப்பட்டது என்று பார்ப்பது என் பழக்கம். அக்காவின் ஐந்து நட்சத்திரம் அந்த நிறுவனத்தின் கணினியில் ஒரு 'மிகுந்த திருப்தி'யாகப் பதிவாகியிருக்கும். அதில் இரக்கம் எத்தனை பங்கு, அச்சம் எத்தனை பங்கு என்று பிரித்தறிய எந்த வழியும் இல்லை. சேவையைப் பற்றிய கருத்து அதில் இருந்ததா என்பதே எனக்கு ஐயம்.

இது ஒரு வீட்டின் கதையாக நின்றுவிடாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட முதியோர் பற்றிய அறிக்கையின்படி, அந்த ஆண்டில் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. 2031-இல் இது 18.2 விழுக்காடாகும் என்று அவ்வறிக்கை கணிக்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிச் செல்லும் திட்டங்களை அரசும், காசுக்குச் சேவை செய்யும் நிறுவனங்களைச் சந்தையும் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. இவை நன்றாக நடக்கின்றனவா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே வகையான விடைதான் தரப்படுகிறது. இத்தனை விழுக்காட்டினர் திருப்தி தெரிவித்துள்ளனர் என்பதே அந்த விடை. அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே என் கேள்வி.

1944-இல், வங்கப் பெரும் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கொல்கத்தா அருகே சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களுள் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார்தான் என்று கூறினர். கணவனை இழந்த பெண்களுள் அவ்வாறு கூறியவர்கள் வெறும் 2.5 விழுக்காட்டினர். பஞ்சத்தால் மிகுதியும் நலிந்திருந்த பெண்கள்தாம் நலமாக இருக்கிறோம் என்றார்கள். அமர்த்தியா சென் இந்த எண்களைத் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலும் அவர் இதே சிக்கலைப் பேசினார். நீண்ட ஆயுள் கொண்ட கேரள மக்கள், குறைந்த ஆயுள் கொண்ட பிகார் மக்களைவிட மிக அதிகமாக நோயைப் பற்றிக் கூறுகிறார்கள். அமெரிக்கர்கள் கேரளத்தவரைவிடவும் அதிகமாகக் கூறுகிறார்கள். மருத்துவ வசதியும் கல்வியும் பெருகப் பெருக, குறையைக் குறையென அறியும் திறனும் பெருகுகிறது. அது இல்லாத இடத்தில், கிடைத்ததே போதும் என்று மனம் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது.

ஆகவே முதிய விதவை ஒருவர் 'திருப்தி' என்று கூறினால், அவருக்குக் கிடைப்பது நிறைவாக இருக்கிறது என்று பொருளாகலாம். அவர் எதிர்பார்ப்பது மிகக் குறைவு என்றும் பொருளாகலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடிப்பது புள்ளியியல் ஆகாது.

அக்காவின் வீட்டுக்குத் திரும்புகிறேன். குளியலைவிடப் பெரிய செய்தி ஒன்று அங்கே நடந்திருந்தது. பக்கவாதத்துக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார். உள்ளூர்ப் பொது மருத்துவரும் ஒன்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே மருந்து, வெவ்வேறு வணிகப் பெயர்கள். அட்டையின் நிறம் வேறாக இருந்ததால் அக்கா நான்கு மாதங்கள் இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். தலைசுற்றல் வந்தது. வயதானால் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் நல்லூழ்.

கண்டுபிடித்தவர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். மாத்திரை வாங்க நான் போனபோது, மருந்துக் கடைப் பெரியவர் இரண்டு அட்டைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு?" என்றார்.

வீட்டுக்கு வந்து செவிலியரின் குறிப்பேட்டைப் புரட்டினேன். மாதந்தோறும் ரத்த அழுத்தம் அளந்து எழுதப்பட்டிருந்தது. எண்கள் மாதத்துக்கு மாதம் இறங்கியிருந்தன. இயன்முறை மருத்துவரின் அட்டையில் 'சோர்வு, நிற்கும்போது தள்ளாட்டம்' என்று இருமுறை எழுதப்பட்டிருந்தது. இருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. படித்துச் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. செவிலியருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தால் நானே ஐந்து கொடுத்திருப்பேன்.

சேவைகளின் துண்டுகளைப் பயனாளர் பார்க்கிறார். செவிலியர் வந்தார், இனிமையாகப் பேசினார், மாத்திரை கிடைத்தது. இவற்றை அவரால் மதிப்பிட முடியும். ஆனால் துண்டுகளை இணைக்கும் வேலை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது இல்லாதபோதும், விழுந்து அடிபடும் வரை தெரிவதில்லை. மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தான் வாங்குவது என்னவென்று தெரியாது என்பதை கென்னத் ஆரோ 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விளக்கிவிட்டார். நீண்டகாலப் பராமரிப்பில் இந்த அறியாமை இரட்டிப்பாகிறது. ஏனெனில் இங்கே பணம் கொடுப்பவர் வேறு, சேவை பெறுபவர் வேறு. எங்கள் வீட்டில் பணம் கட்டுபவன் என் மருமகன். அவனுக்கும் கைப்பேசியில் தனியாக ஒரு நட்சத்திரப் படிவம் வருகிறது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவனும் ஐந்து கொடுத்துவிடுகிறான்.

இந்தச் சிக்கலோடு அரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டி வருவது அமெரிக்கா. அங்கே முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என இரு காப்பீட்டுத் திட்டங்கள் 1965-இல் பிறந்தன. ஏழையாகவும் முதியவராகவும் இருப்பவரும், ஏழையாகவும் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பவரும் இரண்டிலும் இடம்பெறுவர். இத்தகையோர் இன்று ஒரு கோடிக்கும் மேல். மருத்துவமனைச் செலவு ஒரு பையிலிருந்தும், வீட்டில் குளிப்பாட்டி உணவூட்டும் செலவு இன்னொரு பையிலிருந்தும் வரும். ஒரு பையைக் காப்பாற்ற மற்றதன் மீது சுமையைத் தள்ளுவதே இரு தரப்பின் இயல்பானது.

இதற்கு ஒரு விடையாக 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனா டவுன் பகுதியில் 'ஆன் லாக்' என்ற அமைப்பு உருவானது. அதன் வழியில் வளர்ந்ததுதான் 'பேஸ்' எனப்படும் திட்டம். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நிலையான இடம் பெற்றது. முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட வேண்டிய அளவு நலிந்த, 55 வயதைக் கடந்த ஒருவருக்காக மாதந்தோறும் நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொகை அந்த அமைப்புக்குத் தரப்படும். மருத்துவர், மாத்திரை, சாப்பாடு, போக்குவரத்து, தேவைப்பட்டால் மருத்துவமனை, எல்லாம் அதற்குள் அடங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு வேன் ஓட்டுநரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. இதை முதன்முதலில் படித்தபோது சற்று வியந்தேன். பிறகு புரிந்தது. நாள்தோறும் வீட்டு வாசலுக்கு வருபவர் அவர்தான். படி இறங்க நேற்றைவிட இன்று அதிக நேரமானதை முதலில் காண்பவரும் அவர்தான். எங்கள் மருந்துக் கடைப் பெரியவர் அந்த ஊரில் இருந்திருந்தால் அவரையும் குழுவில் சேர்த்திருப்பார்களோ என்னவோ.

ஆனால் மாதத் தொகை முறைக்கு ஓர் அபாயமும் உண்டு. செலவு குறைந்தால் மீதி நிறுவனத்துக்கு. எனவே கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடும் சபலம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தவே திருப்திக் கணக்கெடுப்புகளைக் கட்டாயமாக்கினார்கள். முதியோருக்கான தனியார் மெடிகேர் திட்டங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு உண்டு. நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற்றால் அரசு ஊக்கத்தொகை தருகிறது. பணம் நட்சத்திரத்தில் தொங்கத் தொடங்கிய பின் நிறுவனங்கள் சேவையில் செலுத்தும் கவனத்தை நட்சத்திரத்திலும் செலுத்தும் என்பதைச் சொல்லப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

2013 முதல் பல மாநிலங்களில், இரு திட்டங்களிலும் உள்ளவர்களை ஒரே ஒருங்கிணைந்த திட்டத்தில் தாமாகவே சேர்த்துவிட்டு, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். ஏராளமானோர் விலகினர். நெடுங்காலம் பழகிய தம் மருத்துவரை இழக்க விரும்பாதது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. எஞ்சியவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் திருப்தி என்றனர். விலகியவரை விட்டுவிட்டு இருப்பவரிடம் கேட்டால் வேறு என்ன விடை வரும்?

1970-இல் வெளிவந்த நூல் ஒன்றில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் கூறியது இங்கே பொருந்துகிறது. ஓர் அமைப்பில் குறை கண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விலகிப் போவது, மற்றொன்று குரல் எழுப்புவது. கடைக்காரர் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். படுக்கையில் இருப்பவருக்கு அடுத்த கடை இல்லை. தன்னைப் புரட்டிப் படுக்க வைக்கும் கையைப் பற்றிக் குரல் எழுப்பவும் அவரால் இயலாது. இரண்டு வழிகளும் அடைபட்டவரின் மௌனத்தைத்தான் நாம் திருப்தி என்று எழுதிக்கொள்கிறோம்.

அப்படியானால் திருப்தியைக் கேட்பதே வீண் வேலையா? அப்படியும் நான் கருதவில்லை. ஆர்கன்சாஸ், நியூ ஜெர்சி, புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் 1990-களின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கப்பட்டது. வீட்டுப் பராமரிப்புக்குத் தகுதி பெற்ற முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் ஒரு நிறுவனம் ஆள் அனுப்பியது. மற்றப் பிரிவினரிடம் அந்தச் செலவுக்கான தொகையை ஒதுக்கிக் கொடுத்து, நீங்களே ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றனர். உறவினரையோ அண்டை வீட்டாரையோகூட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்க்கவும் ஆலோசனை சொல்லவும் உதவி உண்டு. தாமே தேர்ந்துகொண்டவர்களின் திருப்தி தெளிவாக உயர்ந்திருந்தது. நிறைவேறாத தேவைகளும் குறைந்திருந்தன. ஒப்பிட மற்றொரு பிரிவு இருந்ததால்தான் இங்கே திருப்தி என்ற எண்ணுக்கு ஒரு பொருள் கிடைத்தது. ஒப்பீடு இல்லாத 95 விழுக்காட்டைவிட, ஒப்பீட்டோடு வரும் பத்து விழுக்காட்டு வேறுபாடு அதிகம் பேசும்.

ஜப்பான் வேறொரு பாதையில் சென்றது. 2000 ஏப்ரலில் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதைத் தாண்டிய அனைவரும் சந்தா செலுத்துகின்றனர். உதவி தேவைப்படும்போது நிலைமை ஏழு படிகளில் தரம் பிரிக்கப்படுகிறது. தேவை மிகுந்தவருக்கு 'கேர் மேனேஜர்' எனப்படும் ஒருவர், இன்னின்ன நாளில் இன்னார் வருவார் என்று மாதத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கிறார். மற்றச் சேவைகளுக்குப் பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்குக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த ஒருங்கிணைப்புக்கு மட்டும் கட்டணமில்லை. அவரைப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை. பல கேர் மேனேஜர்கள் சேவை விற்கும் நிறுவனங்களிலேயே சம்பளம் பெறுகின்றனர். அவர்கள் யார் பக்கம் என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. ஆயினும் 'அடுத்த வாரம் யார் வருவார்?' என்று கேட்கத் தெரிந்த ஒரு முகமாவது அந்த முதியவருக்கு உண்டு.

இனி நம் ஊர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்த்தது. நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பைகள் ஆகியவையும் அதில் அடக்கம். 2024-இல் ஐ.நா. அமைப்புகளின் விருதும் அதற்குக் கிடைத்தது. அது நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உலக வங்கி உதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த 'உரிமைகள்' திட்டமும், அதன்கீழ் பல சேவைகளை ஒரே கூரையின்கீழ் தரும் 'விழுதுகள்' மையங்களும் சரியான திசையில் வைக்கப்பட்ட அடிகள்.

என் கவலை இணைப்பைப் பற்றியது. பக்கவாதத்தால் முடங்கிய ஒரு மூதாட்டி தமிழ்நாட்டில் எத்தனை வாசல்களை அறிந்திருக்க வேண்டும்? மாத்திரை பொது சுகாதாரத் துறையிலிருந்து. முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையின் தனி வட்டாட்சியரிடமிருந்து. சக்கர நாற்காலியும் அடையாள அட்டையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமிருந்து. அறுவை சிகிச்சை என்றால் காப்பீட்டு அட்டை. ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. கோப்புகளை இணைக்கும் ஒரே ஆள் அந்த மூதாட்டியின் மகளோ மருமகளோதான். அவருக்குச் சம்பளமும் இல்லை, திருப்திக் கணக்கெடுப்பும் இல்லை.

மத்திய அரசு 2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரிவுபடுத்தியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. அதே மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவரின் ஓய்வூதியத்துக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 2023-இல் அதை 1,200 ரூபாயாக்கியது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் லட்சங்கள் கிடைக்கும். விழாமல் பார்த்துக்கொள்ளும் கைக்குக் கொடுக்கப் பணமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, மிகுந்த உதவி தேவைப்படுவோர் அதைக் கோரிப் பெற வழி வகுத்திருக்கிறது. அந்தப் பிரிவை எத்தனை குடும்பங்கள் அறியும்?

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசுப் படிவத்தில் இவர்கள் 'பயனாளிகள்'. நிறுவனப் படிவத்தில் 'வாடிக்கையாளர்கள்'. பயனாளி என்பவர் பெற்றுக்கொள்பவர். பெற்றுக்கொள்பவர் குறை சொன்னால் நன்றி கெட்டவர் ஆகிவிடுகிறார். வாடிக்கையாளர் என்றால் வேறு கடைக்குப் போகத் தெரிந்தவர். என் அக்கா இரண்டும் இல்லை.

எனவே கேட்கும் கேள்விகளை மாற்ற வேண்டும் என்கிறேன். 'திருப்தியா?' என்பதை ஓரம் வைத்துவிட்டு, நடந்தவற்றைக் கேட்கலாம். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் குளித்தீர்கள்? வர வேண்டியவர் வராத நாள் எத்தனை? இந்த மூன்று மாதங்களில் கீழே விழுந்தீர்களா? இரண்டு பேர் உங்களிடம் இருவேறு விதமாகச் சொன்னதுண்டா? இரவு பத்து மணிக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பீர்கள், அவருடைய எண் உங்களிடம் உள்ளதா? இவற்றுக்கு விடையளிக்க யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்பி ஒருவர் படித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேட்பவர் சேவை தருபவராக இருக்கக் கூடாது. உதவியாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்கவும் கூடாது. பார்த்துக்கொள்ளும் மகளிடம், மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டும். பேச முடியாதவர்கள், மறதி நோய் கண்டவர்கள் ஆகியோரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல் அவர்கள் சார்பில் யார் விடையளித்தார்கள் என்று குறிக்க வேண்டும். திட்டத்திலிருந்து விலகியவர்களின் எண்ணிக்கையும் காரணமும் அதே அறிக்கையில் வர வேண்டும். தனியார் நிறுவனங்கள் இதை விரும்பமாட்டா. முதியோருக்கு மாதச் சந்தா வாங்கும் எவரும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்களை வெளியிட்டாக வேண்டும் என்று பதிவு நிபந்தனையிலேயே எழுதிவிட்டால் அவர்கள் விருப்பம் ஒரு பொருட்டல்ல.

குரலுக்கு அருகிலேயே ஒரு வழி இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவு சிகிச்சை இயக்கம், 2008-இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. அங்கே வீட்டுக்குச் செல்லும் செவிலியரின் பணி உள்ளாட்சியோடு பிணைக்கப்பட்டுள்ளது. செவிலியர் வரவில்லை என்றால், தெருவில் எதிர்ப்படும் வார்டு உறுப்பினரிடம் நோயாளியின் மகன் கேட்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரப்போகும் அந்த உறுப்பினரிடம் குறை சொல்ல முதியவர்கள் அஞ்சுவதில்லை. நம் கிராமசபைக் கூட்டங்களில் இதற்கு ஒரு பொருள்நிரல் ஒதுக்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

அக்காவின் வீட்டில் இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த மாத்திரை, யார் எழுதியது, எதற்காக, எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் மருந்துக் கடைப் பெரியவரே எழுதிக்கொடுத்தார். வருகிற ஒவ்வொருவரும் தாம் பார்த்ததை அதன் கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். இயன்முறை மருத்துவர் முதல் வாரமே எழுதினார். செவிலியருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போன மாதம் மறுபடியும் அந்தத் தொலைபேசி வந்ததாம். அக்கா இம்முறையும் ஐந்துதான் கொடுத்திருக்கிறார்.